குருவம்மாள் துணை

ஜூன் 8, ஞாயிறு

தோற்றாயிற்று.

வெள்ளூரணி தினசரிச் சந்தை வியாபாரிகள் சங்கத் தேர்தலில் குத்துவிளக்கு அணி மொத்தமாக அணைந்துவிட்டது. தலைவருக்கு நின்ற உருளைக்கிழங்கு மண்டி பால்ச்சாமி அண்ணாச்சி தோற்றார். துணைத் தலைவருக்கு நின்ற என் வீட்டுக்காரி குருவம்மாளும் தோற்றாள். ஜெயித்த குடை அணிக்காரர்கள் சந்தை வாசலில் சரவெடி போட்டார்கள். அதை வேடிக்கை பார்த்ததில் என் தள்ளுவண்டி அடுப்பில் பால் பொங்கிக் கொட்டியது. ஆக, முதல் நஷ்டம் எனக்குத்தான்.

புதுத் தலைவர் அய்யாத்துரை அண்ணாச்சி மாலையோடு வந்து டீ கேட்டார். "என்ன கொம்பையா, துணைத் தலைவர் வீட்டுக்காரர்னு பேர் எடுக்கலாம்னு பாத்தீரு. இப்படி ஆயிட்டே?"

"தலைவர் போயிட்டாரு அண்ணாச்சி. எனக்குத் துணை மட்டும் மிச்சம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

குருவம்மாள் வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு, நாளை விற்க வேண்டிய இஞ்சியில் மண் உதிர்க்க உட்கார்ந்தாள். "நாளைக்குக் கடை உண்டா?" என்று கேட்டேன். "எலுமிச்சம்பழத்துக்கு நான் தோத்தது தெரியுமா? அழுகாம இருக்குமா?" என்றாள். குரல் கம்மியிருந்தது. ஓட்டுக் கேட்டுக் கத்தியதில் தொண்டைக் கட்டு.

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. போன வருசத்தது. கிழமையை மட்டும் அடித்து அடித்து எழுதிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவனுக்கு இது போதும்.

டீ ஆற்றுகிறவனுக்குக் காது கிடையாது என்று எங்கள் சந்தையில் ஓர் எண்ணம் உண்டு. என் பெண்டாட்டியைப் பற்றி என் முன்னாலேயே பேசினார்கள். நானும் நடுநடுவே எடுத்துக் கொடுத்தேன்.

அவளைத் தோற்கடித்துத் துணைத் தலைவரான முட்டைக்கடை சீனிப்பாண்டி சொன்னார்: "ஓட்டுக் கேக்க வந்தா நாலு நல்ல வார்த்தை பேசணும்வே. காலங்காத்தால கடை கடையா ஏறி, பொம்பளைகளுக்குக் கக்கூஸ் வேணும், கக்கூஸ் வேணும்னா? கேக்கிறவனுக்கு ஓட்டுப் போடத் தோணுமா, மூக்கைப் பொத்தத் தோணுமா?"

மண்டிக் கணக்கர் சொன்னார்: "பால்ச்சாமி அண்ணாச்சி தனியா நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாக. கூட நிறுத்தின ஆளு சரியில்ல."

மூட்டை தூக்குகிற மாடக்கண்ணு, "பொம்பளைகளே போடலையாமே" என்றான்.

"நான் மட்டும் போட்டேன்னு எவன் சொன்னான்?" என்றேன். சீனிப்பாண்டிக்குச் சிரிப்பில் டீ மூக்குக்கு ஏறிவிட்டது. முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

குருவம்மாள் கடை என் வண்டிக்கு எதிரில்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம். எலுமிச்சம்பழத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஒரே பழத்தைத் துடைத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

தோற்ற பெயர் சுவரில் இருந்தால் மண்டிக்கு ராசியில்லையாம். பால்ச்சாமி அண்ணாச்சி காலையிலேயே ஆள் விட்டு அழிக்கச் சொல்லிவிட்டார்.

சந்தையின் தெற்கு வாசலை ஒட்டி ஒரு காலி மனை கிடக்கிறது. சங்கத்துக்குச் சொந்தம். அங்கேதான் கழிப்பறை கட்டுவேன் என்று குருவம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். அந்த மனைச் சுவரில்தான் தேர்தல் எழுத்து. மேலே 'தலைவர் பால்ச்சாமி'. அடுத்து மஞ்சளும் சிவப்புமாக 'குருவம்மாள் துணை'. இடம் போதாமல் 'த் தலைவர்' கீழ் வரிக்கு இறங்கியிருந்தது. பக்கத்தில் அணியின் சின்னமான குத்துவிளக்கு, ஐந்து முகத்தோடு. எழுதின ஆர்ட்டிஸ்ட் மதி கோயில் மண்டபங்களுக்கு எழுதிப் பழகினவன். விளக்கைச் சும்மா சொல்லக்கூடாது, ஜொலித்தது.

சுண்ணாம்பு அடிக்க வந்த பையன் தலைவரை அழித்தான், கீழ் வரியை அழித்தான், வாளியைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"ஏ தம்பி, என் பேரை மட்டும் ஏன் விட்டுட்டுப் போற?" என்றாள் குருவம்மாள்.

"சுண்ணாம்பு தீந்துட்டு அக்கா. அண்ணாச்சி அவுக பேருக்குத்தான் அளந்து குடுத்தாக. கீழ அடிச்சது ஒழுகினது."

ஆக சுவரில் மிச்சம் இருப்பது ஒரு குத்துவிளக்கும் 'குருவம்மாள் துணை' என்ற எழுத்தும். பிள்ளையார் துணை, முருகன் துணை என்பதுபோல. "சாமியாயிட்டியே பிள்ள" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தொண்டைக் கட்டோடு சிரிப்பது கஷ்டம்தான்.

ஜூன் 13, வெள்ளி

மேலப்பட்டியிலிருந்து தன் தோட்டத்தில் விளைந்த கத்திரிக்காயைக் கொண்டுவரும் சம்சாரி ஒருத்தி, பெயர் சோலையம்மா, மூட்டையை இறக்கியவள் சுவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எதிர்க் கடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி, அறுத்துக் குங்குமம் தடவி விளக்குப் படத்தின் அடியில் வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எதிர்க் கடை குருவம்மாள் கடைதான். ஊறுகாய்க்கு என்று நினைத்து நல்ல பழமாகப் பார்த்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

சோலையம்மாவின் கத்திரிக்காய் வந்த வேகத்தில் விற்றுவிட்டது. போகும்போது என்னிடம், "அண்ணே, இந்தக் குருவம்மா எந்தக் காலத்துச் சாமி?" என்றாள்.

"நமக்கு முந்தியே இருக்கு தாயி" என்றேன். பொய்யில்லை. குருவம்மாள் என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். கல்யாணத்தில் மறைத்துவிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

விற்பனை சுமார். தொண்டைக் கட்டு விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் நன்றாகவே பேசுகிறாள். என்னிடம்தான் கட்டிக்கொள்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மேலப்பட்டிக்காரிகள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். சுவருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையை ஆணியில் தொங்கவிட்டார்கள். குருவம்மாளுக்கு இப்போதுதான் விசயம் புரிந்தது. எலுமிச்சை கேட்டு வந்த ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி.

"ஊறுகாய்க்கா, சுவத்துக்கா?"

"சாமிக்கும்மா."

"சாமிக்குக் கிடையாது. ஊறுகாய்க்குன்னா எடுத்துக்கோ."

"என்னம்மா இப்படிச் சொல்றே? சாமி பேரைச் சொல்லிப் பொழைக்கிறவ சாமிக்கே பழம் இல்லைங்கிறியே?"

"நான் யார் பேரைச் சொல்லியும் பொழைக்கல. அது என் பேரு தாயி!"

"பேரை வச்சுட்டாப்புல ஆச்சா? அந்தப் பேருக்கு ஏத்தாப்புல நடந்துக்கணும்" என்று ஒருத்தி புத்தி சொல்லிவிட்டுப் போய் வேறு கடையில் வாங்கினாள்.

கூடையில் பாதிப் பழம் அப்படியே இருந்தது. கூட்டத்தில் என் டீக்கு நல்ல கிராக்கி.

ஜூன் 21, சனி

வாசலில் வெயில் அதிகமாக அடிக்கிறது. வண்டியைக் காலி மனைப் பக்கமாகத் தள்ளிப் போட்டேன். சுவர் நிழல் நன்றாக இருக்கிறது. குருவம்மாள் எதிரில் இல்லாதது ஒருவகையில் வசதி. டீக்கு நடுவில் யாராவது முறைத்துக்கொண்டிருந்தால் சீனி கூடக்குறைய விழுந்துவிடுகிறது.

வருகிறவர்கள் கேட்கிறார்களே என்று சூடமும் தீப்பெட்டியும் கொஞ்சம் வாங்கி வைத்தேன். கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது.

ஜூன் 27, வெள்ளி

கூட்டம். மாடக்கண்ணுவே வரிசையை ஒழுங்குபடுத்துகிறான். சீனிப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முட்டை விலை ஏறவேண்டும் என்று வேண்டுதல். அந்த நேரம் பார்த்துக் குருவம்மாள் தலையில் இஞ்சிச் சிப்பத்தோடு அந்த வழியாக வந்தாள்.

"தள்ளிக்கோ, தள்ளிக்கோ. சாமி கும்பிடுறது தெரியல?" என்றார் அவளிடம்.

அவள் தள்ளிக்கொண்டாள்.

பிறகு டீக்கு வந்த சீனிப்பாண்டியிடம், "அண்ணாச்சி, போன மாசம் இந்தப் பேரை எதுத்து ஓட்டுக் கேட்டீக. இப்ப அதே பேருக்கிட்ட வரம் கேக்கீக" என்றேன்.

"அது வேற, இது வேறவே. ஆளு ஒண்ணு, பேரு ஒண்ணு. ஆளுக்குச் சக்தி கிடையாது, பேருக்கு இருக்கலாம்லா?"

மண்டிக் கணக்கர் ஒத்துக்கொண்டார். "இப்படியொரு ராசியான பேரை வச்சுக்கிட்டு அந்தம்மா தோத்திருக்குன்னா, அவ்வளவுக்கு வாய்த்துடுக்கு. என்ன சொல்றீரு கொம்பையா?"

"டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

சங்கத்திலிருந்து அய்யாத்துரை அண்ணாச்சி மைக்கில் அறிவித்தார். காலி மனையில் அருள்மிகு குருவம்மாளுக்குச் சங்கச் செலவில் சின்னதாக ஒரு கோயில். ஆடி பிறந்துவிட்டால் கால் நாட்டக் கூடாதாம். அதனால் வருகிற பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமையே பூசை. பால்ச்சாமி அண்ணாச்சியும் ஓடி வந்து மைக்கைப் பிடித்து, செங்கல் தன் செலவு என்றார். தேர்தலில் முட்டிக்கொண்ட இரண்டு அணியும் ஒன்றாகிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

குருவம்மாள் வீட்டில் எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தேர்தலுக்குப் பிறகு இன்றுதான் முழுசாக ஒரு பேச்சுப் பேசினாள்.

"கக்கூஸ் கட்டணும்னு சொன்ன இடம் அது."

"ஆமா."

"என் பேரைச் சொல்லியே அதை அடைக்கப் போறாக."

"ஆமா. குழம்புல உப்புக் கொஞ்சம்..."

எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, டங்கென்று என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

கீரைக்கடை ராமுத்தாயும் கருவாட்டுக்கடை ஜெபமணியும் குருவம்மாளைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். நான் வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை.

ராமுத்தாய் சொன்னாள்: "மதினி, நல்லா யோசிச்சுட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில கொட்டுச் சத்தம் வந்ததும் தலைய விரிச்சுப் போட்டு ஒரு ஆட்டம் ஆடிருங்க. 'எனக்குக் கோயில் வேண்டாம்டா, என் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டுங்கடா'ன்னு ஒரு குரல் விடுங்க. அய்யாத்துரை அண்ணாச்சி மறுநாளே கட்டிருவாரு. கட்டாட்டா நான் மொட்டை போட்டுக்கிறேன்."

"எனக்கு இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் ஒத்து வராது. ஆனா இதுல தப்பில்லன்னுதான் படுது குருவம்மா" என்றாள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி ஜெபமணி. "ஒதுங்கணும்னு அந்தத் தியேட்டர் பின்னாடி போய்ட்டு வாறதுக்குள்ள உசிரு போயிருது. நேத்து எவனோ செல்போனை நீட்டிக்கிட்டு நின்னான். செருப்பைக் கழத்தவும் ஓடிட்டான்."

இந்தச் செல்போன் சங்கதி எனக்குத் தெரியாது. கேனை மறுபடி ஒருதரம் கழுவினேன்.

குருவம்மாள் சொன்னாள்: "நான் ஓட்டுக் கேட்டு நின்னவ ராமு. வேணும்னு கேட்டேன், நீங்க தரல. சரி. திரும்பவும் கேக்கேன். ஆனா ஆடிக் கேக்க மாட்டேன். இன்னைக்கு ஆடிக் கக்கூஸ் வாங்கினா, நாளைக்குக் குழாய்க்கு ஆடணும், லைட்டுக்கு ஆடணும். எத்தனை ஆட்டம்டி ஆடுறது?"

"நாங்க தரலன்னா... யாரு தரல?" என்றாள் ராமுத்தாய். குரல் இறங்கிவிட்டது.

"அதை விடு. காப்பி குடிக்கியா?" என்றாள் குருவம்மாள்.

அவர்கள் போனபிறகு நானும் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பிள்ள சொல்றது நல்ல யோசனை. ஒரே ஒரு ஆட்டம். உனக்கும் இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கூட்டமும்..." அதற்குமேல் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"வெள்ளிக்கிழமைக் கூட்டமும் குறையாது. உங்க டீயும் குறையாது. அதானே?"

"நான் எதுக்குச் சொல்ல வந்தேன்னா..."

"சூடம் நல்லா ஓடுதோ?"

எனக்குக் கேன் கழுவுகிற வேலை பாக்கி இருந்தது.

ஜூலை 5, சனி

மழை. வண்டி எடுக்கவில்லை. அவள் மட்டும் குடையோடு கடைக்குப் போனாள். தோற்ற விளக்கு, ஜெயித்த குடையைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பூசை. செங்கல் வந்து இறங்கியிருந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி தாம்பாளமும் மஞ்சள் கட்டிய கம்புமாக வந்தார். கொட்டு, நாதஸ்வரம், மேலப்பட்டி வேன் இரண்டு. அய்யாத்துரை, பால்ச்சாமி, சீனிப்பாண்டி மூவரும் பட்டு வேட்டி. சந்தையே கூடி நின்றது. என் வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லை.

பூசாரி உட்கார்ந்தார். கேட்டாரே ஒரு கேள்வி.

"அம்மன் சைவமா, அசைவமா?"

அண்ணாச்சிமார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"பொங்கல் மட்டும் ஏத்துக்கிடுமா, கெடா கேக்குமான்னு கேக்கேன். அது தெரியாம நான் எப்படிக் கால் நாட்ட?"

"அசைவந்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சாளைக் கருவாடுன்னா உசிரு."

எல்லாரும் திரும்பினார்கள். குருவம்மாள் கடையில் உடுத்தியிருந்த சேலையோடு அப்படியே வந்து நின்றாள். கையில் இஞ்சி மண். தலை அள்ளி முடிந்திருந்தது. ராமுத்தாய் அந்தக் கொண்டையையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது அவிழும், இப்போது அவிழும் என்று.

பூசாரிக்கு வெளியூர். அவருக்கு இவளைத் தெரியாது. விவரம் சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதியில் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சொல்லு தாயி. எந்த ஊருச் சாமி?"

"நாலாட்டின்புதூர்ப் பக்கம். வாக்கப்பட்டு இங்க வந்தது."

"இங்க வந்து எந்த வருசம் அடங்குச்சு?"

சாமியாகிவிட்டவர்களை அப்படித்தான் கேட்பார்கள். செத்தது என்று சொல்ல மாட்டார்கள்.

"இன்னும் அடங்கல" என்றாள். "அடக்கத்தான் எல்லாரும் பாக்காக."

கொட்டுக்காரன் கை நின்றுவிட்டது.

"அய்யா, குருவம்மா நான்தான். எலுமிச்சம்பழம் விக்கேன். துணைத் தலைவருக்கு நின்னேன், தோத்துட்டேன். இவுக எழுத்தைப் பாதி அழிச்சாக, பாதி மிச்சம் கிடக்கு. அவ்வளவுதான் சங்கதி. இந்த இடத்துல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டணும்னு கேட்டேன். இப்பவும் அதான் கேக்கேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு பத்து இருபது பேர். மேலப்பட்டி சோலையம்மாதான் சிரிக்கவில்லை. நேரே முன்னால் வந்தாள். "உசிரோட இருக்கிற பொம்பளையவா நான் கும்பிட்டேன்? என் கத்திரிக்காய வித்துக் குடுத்த சாமிய நீ எப்படி இல்லைங்கலாம்?"

"உன் கத்திரிக்கா பிஞ்சாவும் இருந்துச்சு, புழுவில்லாமயும் இருந்துச்சு. அதான் வித்துச்சு தாயி. விளைய வச்சது நீ. என்னைய எதுக்கு இழுக்கே?"

சோலையம்மா வேனைப் பார்த்து நடந்தாள். கோபம் போகவில்லை.

பூசாரி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உசிரோட இருக்கிறவுகளுக்குக் கால் நாட்ட எனக்கு மந்திரம் தெரியாதுய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அய்யாத்துரை அண்ணாச்சிக்கு வேர்த்து, பட்டு வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு போட்டு முடிவு செய்யலாம் என்றார்.

டீ நிறைய மிஞ்சிவிட்டது. ஊற்றிவிட்டேன்.

ஜூலை 12, சனி

வண்டியில் இன்றைய பேச்சு:

"சாமிய அவமதிச்சுட்டா."

"சாமியே அவதானேடே. அவ அவளையே அவமதிச்சா, குத்தம் யாருக்குச் சேரும்?"

"ரெண்டு தேர்தல்ல தோத்த ஒரே ஆளு இவதான். ஓட்டுலயும் தோத்தா, கும்பிடுலயும் தோத்தா."

"சும்மா சாமியா இருந்துட்டுப் போயிருக்கலாம். என்ன குறைஞ்சு போச்சு? அந்தத் திமிர்தாம்வே அவளைத் தோக்கடிச்சது."

கடைசியாகச் சொன்னவர் பால்ச்சாமி அண்ணாச்சி. செங்கலுக்கு முன்பணம் கொடுத்துவிட்ட வருத்தம்.

என்னிடமும் கேட்டார்கள். எனக்குப் பால்காரரிடம் பேச வேண்டியிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பொதுக்குழு. சங்கக் கொட்டகையில் பெஞ்சுகள் போதவில்லை. ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். எனக்குக் கூட்டத்துக்கு டீ கொடுக்கும் வேலை. கண்ணாடித் தம்ளர் அடுக்கிய தட்டோடு நடுவில் புகுந்து போய்க்கொண்டிருந்தேன்.

அய்யாத்துரை அண்ணாச்சி, "சாமி விசயம் மனசு புண்படாம முடியணும். வேற நல்ல பேரா வச்சு ஒரு அம்மன் கோயிலே கட்டிருவோம். இடம் இருக்கு, செங்கல் இருக்கு" என்றார். ஆமா ஆமா என்றார்கள்.

குருவம்மாள் கையை உயர்த்திப் பேச அனுமதி கேட்டாள். உறுப்பினர், தடுக்க முடியாது.

அவள் கத்தவில்லை. தேர்தலில் பேசியதுபோல வரிசைப்படுத்தியும் பேசவில்லை. "விடியுமுன்ன வந்து கடை விரிக்கோம். மத்தியானம் வரைக்கும் ஒதுங்க இடமில்ல. தியேட்டருக்குப் பின்னாடி போறோம், அங்க என்ன நடக்குன்னு இங்க நிக்கிற பொம்பளைகளுக்குத் தெரியும். அதனால தண்ணி குடிக்கிறதில்ல. ஜெபமணிக்கு ரெண்டு தரம் நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டாச்சு. ராமுத்தாய் மாசத்துல மூணு நாள் கடையே போடுறதில்ல" என்றாள். ஆண்கள் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் இதே சந்தையில டீ விக்காரு. எல்லாருக்கும் தெரியும். நான் எதிர்லயே கடை போட்டு உக்காந்திருக்கேன். இந்தச் சந்தையில அவரு டீய நான் ஒரு நாள் ஒரு வாய் குடிச்சதில்ல. குடிச்சா எங்க போறது? ஏன் குடிக்கலன்னு அவரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்ல."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அய்யாத்துரை அண்ணாச்சியைப் பார்த்துத்தான் சொன்னாள். உட்கார்ந்தாள்.

கொட்டகையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது. தட்டு என் கையில்தான் இருந்தது.

"சரி, கை தூக்கிப் பாத்துருவோம். கழிப்பறை வேணுங்கிறவுக?" என்றார் அண்ணாச்சி.

ஜெபமணி தூக்கினாள். ராமுத்தாய் பாதி தூக்கி, தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். மற்ற பெண்கள் ராமுத்தாயைப் பார்த்தார்கள். முன் பெஞ்சில் ஒரு கையும் இல்லை.

எனக்குத் தோள்பட்டையில் நாலு நாளாக ஒரு பிடிப்பு. தட்டைத் தாங்க முடியவில்லை. வைக்க இடம் பார்த்தேன், இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைத் தலைவர் சீனிப்பாண்டி மடியில் வைத்தேன். சுடுகிற டீ, வெள்ளை வேட்டி. பாவம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பிடிப்பு விடட்டும் என்று கையை மேலே நீட்டினேன்.

"எலே கொம்பையா, உன் வண்டிக்கு முன்னாலயேடே!" என்று யாரோ கத்தினார்கள். சிரித்தார்கள். "ஆமாலே, எனக்குத்தான் முதல்ல நாறும், நீ ஏன் அழுறே?" என்றேன். கையை இறக்கவில்லை.

ராமுத்தாய் முழுசாகத் தூக்கினாள். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மாடக்கண்ணு தூக்கினான். மண்டிக் கணக்கர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தலையைச் சொறிகிறவர்போலத் தூக்கினார்.

கோயில் வேண்டும் என்கிறவர்களையும் தூக்கச் சொன்னார்கள். அவர்களும் இருந்தார்கள். சீனிப்பாண்டியால் மட்டும் எதற்கும் தூக்க முடியவில்லை. தட்டை வாங்கிக்கொள்ள எனக்கு ஏனோ மறந்துவிட்டது.

அய்யாத்துரை அண்ணாச்சி இரண்டு தரம் பார்த்தார். "கை கழிப்பறைக்குத்தான் அதிகம்" என்றார்.

டீ ஆறிப்போய்விட்டதென்று எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

ஜூலை 14, திங்கள்

வண்டியை மறுபடி வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தேன். வெயில்தான். சூடம் மிச்சம் கிடக்கிறது, கொசுவுக்குக் கொளுத்தலாம்.

ஜூலை 24, வியாழன்

ஆடி பிறந்தபிறகு அஸ்திவாரம் தோண்டினார்கள். கக்கூஸுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன. கோயிலுக்கு வந்த செங்கல்தான். பால்ச்சாமி அண்ணாச்சி தன் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். யாரும் பொறிப்பதாகச் சொல்லவில்லை.

சோலையம்மா இப்போது வடக்கு வாசலில் கத்திரிக்காய் இறக்குகிறாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரண்டு அறை. தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கதவு மாட்டினார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று குருவம்மாள் தச்சனைப் போகவிடாமல் பிடித்து நிறுத்தி, மூன்று தரம் கழற்றி மாட்ட வைத்தாளாம்.

இன்று வண்டியில் வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு கல்யாணத்தில் சாம்பார் பத்தாமல் போனதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த மழை எப்போது என்று பேசினார்கள். குருவம்மாளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். எதிர்க் கடையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க, ஒரு டீ."

யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான். சீனி கம்மியா."

தம்ளரைச் சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவினேன். ஆற்றி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடையை ஒதுக்கிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு வாய் உறிஞ்சினாள். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையா இத்தன வருசமா ஊருக்கு வித்தீக?"

கடைசிவரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

நாளையிலிருந்து இஞ்சி கொஞ்சம் கூடத் தட்டிப் போட வேண்டும்.